அது இனிமே எந்திரிக்காது

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற ஒருவன், ஐப்பசி மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, உயிர் வராத பழைய லேப்டாப் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரி கேட்ட கேள்விக்குப் பதிலாக மூன்றே மூன்று சொற்களைச் சொன்னான். மூன்றாவது சொல் வாயைவிட்டு முழுதாக வெளியே வருவதற்குள் லேப்டாப் பல்லியைப் போலச் சொல்லியது. உள்ளறையில் இடுப்பு வலிக்காகப் பத்து நிமிடம் சாய்ந்திருந்த அவன் மனைவி பதினோராவது நிமிடம் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த ஒருவன் நான், பூமிராஜன். அவள் ஜெயக்கொடி. அந்த மூன்று சொற்களை யாரைப் பற்றிச் சொன்னேன் என்று தெரு முழுக்க என்னைக் கேட்டது. எனக்குத் தெரியாது என்பதுதான் என்னுடைய பயம்.

லேப்டாப் அவளுக்காக வாங்கியது. பதினெட்டு வருடம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், பள்ளியை மூடிய பிறகு நான்கு வருடம் சும்மா இருந்தாள். சிங்கப்பூரில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திரை வழியாகக் கணக்குச் சொல்லித் தரும் வேலை இப்போது கிடைத்திருந்தது, கார்த்திகை பிறந்து வரும் முதல் திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பெனாசிர் என்ற பெண் நடத்துகிற கடையில் அதை வாங்கினோம். மதுரையில் மூடிய ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து வந்ததாம். சனிக்கிழமை கடையில் ஓட்டிக் காண்பித்தபோது நன்றாகத்தான் ஓடியது. திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டில் பொத்தானை அமுக்கினால், ஒரு சின்ன விளக்கு எரிந்தது, உள்ளே காற்றாடி மூச்சு விட்டது, திரை மட்டும் கழுவி வைத்த சிலேட்டு மாதிரி கறுப்பாகவே இருந்தது. அச்சகத்துக் கம்ப்யூட்டர் பிரிவில் கேட்டேன். பொத்தானை அமுக்கியதும் எஃப்-டூவைத் தட்டிக்கொண்டே இருங்கள், அமைப்புப் பக்கம் திறக்கும் என்றார்கள். இல்லையென்றால் டெலீட், அதுவும் இல்லையென்றால் எஃப்-டென். ஒரு வாரத்துக்கு மேல் காலை வேளைகளில், பிற்பகல் ஷிப்டுக்குக் கிளம்பும் வரை, மூன்றையும் மாற்றி மாற்றித் தட்டினேன். தானும் வெளியே வரவில்லை, என்னையும் உள்ளே விடவில்லை. சத்தம் மட்டும் அவ்வப்போது வந்தது: நெடிதாக ஒன்று, குறுகியதாக இரண்டு. மெஷின் போடுகிற விசில் சத்தம் இல்லை, சுவரில் டியூப்லைட்டுக்குப் பின்னால் இருந்து பல்லி சொல்லுமே, அதே ஈரமான சத்தம்.

தினக்காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் பல்லி சொல்லும் பலன் அட்டவணையை இருபத்தொன்பது வருடமாக நான்தான் பிழை பார்க்கிறேன். எட்டுத் திசை, ஏழு கிழமை, ஐம்பத்தாறு கட்டங்கள், எல்லாம் மனப்பாடம். நம்பிக்கை என்று எதுவும் கிடையாது. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போது பல்லி சொன்னால், எங்கள் தெருவில் எல்லோரையும் போல, நடுவிரலை மடக்கித் தரையை மூன்று தட்டுத் தட்டுவேன். அந்த நேரத்தில் சொன்ன சொல் நடந்ததென்றால் உண்மை, நடக்கப்போவதென்றால் பலித்துவிடும் என்பார்கள்.

லேப்டாப் சொன்னாலும் பலித்தது. முதல் புதன்கிழமை பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் எங்கள் வாசலில் நின்று, இருக்கிற வெயிலுக்குப் பால் திரிஞ்சிரும்போல என்றாள், லேப்டாப் சொல்லியது, அன்று தெருவின் பதினோரு வீட்டிலும் பால் திரிந்தது, கடைக்காரரின் ஐஸ் பெட்டிக்குள் பிரிக்காமல் இருந்த பாக்கெட்டுகள் உட்பட. வெள்ளிக்கிழமை யாரோ போகிற போக்கில், கோயிலுக்கு நேர்ந்துவிட்டிருந்த கிடாயைப் பார்த்து, இது இருக்கிற இருப்புக்கு மூணு குட்டி போடும் என்று கேலி பேசினார்கள். சனிக்கிழமை விடியும்போது கிடாய் மூன்று குட்டிகளை நக்கிக்கொண்டிருந்தது. கோயில் பூசாரி வந்து பார்த்தார், இனி இதை வெட்ட முடியாது, வேறு பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். குட்டிகள் நன்றாக இருந்தன, அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை என்று தெருவும் விட்டுவிட்டது.

பலிக்க வேண்டும் என்றே முன்னால் வந்து நின்று சொல்கிற எதற்கும் லேப்டாப் வாய் திறக்காது என்பதையும் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். அதனால் மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து வெங்காய விலையைப் பேசுவதுபோலப் பேசி, நடுவில் மாப்பிள்ளையை நழுவவிடப் பழகினார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சீனியம்மாள் உறைமோருக்குக் கிண்ணத்தோடு வந்தாள். வாசலிலேயே நின்று கேட்டாள்:

"என்ன அண்ணாச்சி, எந்திரிச்சிருச்சா?"

நான் எஃப்-டூவைத் தட்டிக்கொண்டே நிமிராமல் சொன்னேன்: "அது இனிமே எந்திரிக்காது."

லேப்டாப் சொல்லியது. சீனியம்மாள் குனிந்து நிலைப்படியை மூன்று தட்டுத் தட்டினாள். உள்ளறையிலிருந்து ஜெயக்கொடியின் குரல் வந்தது, சாதாரணமாக, உப்பு இல்லை என்று சொல்வதுபோல.

"இங்க கொஞ்சம் வாங்க. எனக்கு எந்திரிக்க வரல."

கை அசைந்தது, கால் அசைந்தது, கழுத்து திரும்பியது, புரண்டு படுக்க முடிந்தது. எழுவது என்ற ஒன்றை மட்டும் அவளிடமிருந்து யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். நானும் சீனியம்மாளின் கணவரும் தோளைப் பிடித்துத் தூக்கினோம். பாதி உயரம் வந்ததும், பாத்திரம் மாற்றி ஊற்றிய தண்ணீர் மட்டம் பார்த்துக்கொள்வதைப்போல, மெதுவாக நழுவிப் பழையபடி படுக்கையில் சமமானாள். மதுரைக்கு வேனில் படுக்க வைத்துக் கூட்டிப்போனோம். படமெடுத்துப் பார்த்த டாக்டர் முதுகெலும்பு பதினாறு வயதுப் பெண்ணுக்கு இருப்பதுபோல இருக்கிறது என்றார்.

"பாத்தீங்களா, பதினாறாம்" என்றாள் ஜெயக்கொடி, திரும்பி வரும் வழியில், வேனின் கூரையைப் பார்த்தபடி. "உங்களுக்குத்தான் கிழவியா தெரியுறேன்."

நான் சிரிக்கவில்லை.

வீட்டில் என் மனைவியை நான் அது என்றுதான் சொல்வேன். அது சமைக்குது, அது அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கு, அதுக்கு உடம்பு சரியில்லை. எங்கள் பக்கத்தில் பாதி ஆண்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், அதில் மரியாதைக் குறைவு இருப்பதாக யாரும் நினைப்பதில்லை, அவள் நினைத்தாளா என்று நான் கேட்டதில்லை. லேப்டாப்பும் அதுதான். இரண்டு அதுவில் எந்த அது என்று சீனியம்மாளைக் கேட்டார்கள். நீ எதைக் கேட்டாய், மதினியையா மெஷினையா?

"எனக்கே தெரியல அண்ணாச்சி" என்று என்னிடம் அழுதாள். "வாய்ல வந்துச்சு, கேட்டேன். உறைமோருக்குத்தான் வந்தேன்."

எதிர்வீட்டுப் புலவர் ஆவுடையப்பன், மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மூன்றாம் நாள் காலை குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வந்தார்.

"லேப்டாப் எங்க இருந்துச்சு பூமி?"

"மடியில."

"மடியில இருக்கிறதுக்கு என்ன சுட்டு? அண்மைக்கு இகரம். இது இனிமே எந்திரிக்காதுன்னுதான நாக்கு சொல்லணும்? சேய்மைக்குத்தான் அகரம். உள்ளறையில சுவத்துக்கு அந்தப் பக்கம் கிடந்தது யாரு?" அவர் முகத்தில் கணக்கு சரியாக வந்துவிட்ட மகிழ்ச்சி. பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நடுவுல உகரம்னு ஒண்ணு இருந்துச்சு. உது. பக்கத்துலயும் இல்லாம தூரத்துலயும் இல்லாம. அது நம்ம பக்கம் வழக்கொழிஞ்சு போச்சு. நீ உதுன்னு சொல்லியிருந்தா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது."

"உது மேல பழி போடாதீங்க சார்" என்று உள்ளேயிருந்து ஜெயக்கொடி சொன்னாள். "அது இந்த வீட்டுப் பக்கமே வந்ததில்ல."

இருபத்தொன்பது வருடமாக ஒரு புள்ளி தவறினால் கண்டுபிடிக்கிறவன் நான். மடியில் சூடாக இருந்த ஒரு பொருளை ஏன் அது என்றேன்? என் நாக்கு அந்தக் கணத்தில் எங்கே நின்றுகொண்டிருந்தது? ஷிப்டில் உட்கார்ந்து மெய்ப்பைப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் அந்தச் சொல்தான் தெரிந்தது. எழுத்தின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு படித்தேன்.

என்னைவிட்டால் வேறு யாரும் பயப்படவில்லை, அதுதான் என் பயத்தை வளர்த்தது. நான்கே நாளில் தெரு அவள் படுத்திருப்பதைத் தண்ணீர் வரும் நாளைப்போல ஏற்றுக்கொண்டது. முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பூக் கட்டினார்கள். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அவள் மல்லாந்தபடியே பென்சிலால் திருத்தினாள். வாசற்படியில் செருப்பு அதிகமானதால் ஒரு பலகை போட்டார்கள். அச்சகத்து முதலாளி என்னைக் கூப்பிட்டு, வருகிற வருடக் காலண்டரில் பல்லி சொல்லும் பலனுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது, மடிக்கணினி சொல்லும் பலன் என்று ஒரு கட்டம் போடலாம், நீங்கள்தான் பக்கத்தில் இருந்து பார்க்கிறீர்கள், எழுதித் தாருங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். கிழக்கு நோக்கி வைத்துச் சொன்னால் உறவினர் வரவு, தெற்கு நோக்கிச் சொன்னால் உடல் நோவு. எங்கள் லேப்டாப் தெற்கே பார்த்துத்தான் இருந்தது. மெய்ப்பு வந்தபோது உடல் நோவில் வு விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்க்க என் பேனா வெகுநேரம் வரவில்லை.

வகுப்பு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை, ஜெயக்கொடி படுத்தபடியே போன் செய்து பெனாசிரை வரச்சொன்னாள். என்னிடம் கேட்கவில்லை.

பெனாசிர் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்குவதற்குள் முன்னறை நிறைந்துவிட்டது. ரிப்பேர் செய்யக் கூடாது என்றார்கள் சிலர், மாப்பிள்ளை தேடுகிறவர்கள். புலவர் வேறு காரணம் சொன்னார். இப்போதைக்கு அது யாரென்று சந்தேகமாவது இருக்கிறது, மெஷின் எழுந்துவிட்டால் சொன்ன சொல் மெஷினைச் சொன்னதில்லை என்று ஆகிவிடும், மிச்சம் இருப்பது ஒரே ஒரு அதுதான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி முடிந்துவிடும். வேண்டாம் பெனாசிர், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

"அக்கா வேணும்ங்கிறாங்களே சார்" என்றாள் பெனாசிர். "மெமரி கார்டு சரியா உக்காரலேன்னா இப்படிக் கத்தும், உள்ள ஒண்ணும் பேய் பிசாசு இல்ல. ஒரு தடவ ஆன் பண்ணி என்ன சத்தம்னு கேட்டுக்கிறேன்."

பொத்தானை அமுக்கினாள். அறையில் இருந்த அத்தனை பேரும் வாயைப் பொத்தினார்கள், பெண்கள் முந்தானையால், ஆண்கள் துண்டால், புலவர் இரண்டு கைகளாலும். ஒரு சொல் தவறி விழுந்தால் யார் தலையில் விழுமோ என்ற பயம் முதல் தடவையாக அவர்கள் கண்களில் தெரிந்தது. காற்றாடி ஓடியது, விளக்கு எரிந்தது. ஒப்புக்கொள்ளச் சொல் எதுவும் இல்லாததால் லேப்டாப்பும் பேசாமல் இருந்தது. பெனாசிர் ஓடவிட்டபடியே அதைப் பக்கவாட்டில் சாய்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

"ஸ்க்ரூ தலையெல்லாம் கீறியிருக்கு. கடையில நல்லா ஓடுச்சே. யாரு சார் இதத் தெறந்தது?"

எல்லாக் கண்களும் பொத்திய வாய்களுக்கு மேல் என்னைப் பார்த்தன. நான் உள்ளறைக்குப் போனேன். கட்டிலின் ஓரத்தில் நின்றேன். உட்காரத் தைரியம் இல்லை.

"நான்தான் தெறந்தேன்" என்றேன். "வாங்குன மறுநாள், ஞாயித்துக்கெழம, நீ உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தப்ப. மூக்குக்கண்ணாடிக்கு வச்சிருக்கிற ஸ்க்ரூ டிரைவரால. உள்ள ஒரு கார்ட நெம்பிவிட்டுட்டு, அமுக்காம மூடிட்டேன்."

முன்னறையில் லேப்டாப் சொல்லியது. நெடிதாக ஒன்று, குறுகியதாக இரண்டு.

"ஏன்?"

"இது ஓட ஆரம்பிச்சிட்டா நீ எந்திரிச்சுப் போயிருவேன்னு பயந்தேன்."

மறுபடியும் சொல்லியது. யாரோ பழக்கத்தில் தரையைத் தட்டினார்கள்.

"எங்க போயிருவேன்" என்றாள் ஜெயக்கொடி. "இந்த அறையில இருந்து அந்த அறைக்குத்தான." பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப, அந்தச் செவ்வாக்கெழம சொன்னீங்களே. அது யாரு?"

"மெஷினைத்தான் சொன்னேன்" என்றேன்.

காத்திருந்தோம். காற்றாடிச் சத்தம் கேட்டது. லேப்டாப் சொல்லவில்லை.

"தெரியல" என்றேன். "சத்தியமா எனக்குத் தெரியல."

அதற்கும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள் நான் நின்றதுபோல இதுவரை எங்கும் நின்றதில்லை. கிணற்றுக்குள் போட்ட கல் தண்ணீரைத் தொடும் சத்தத்துக்குக் காத்திருப்பவனைப்போல நின்றேன், கல் போய்க்கொண்டே இருந்தது.

"பெனாசிர்" என்று ஜெயக்கொடி சத்தமாகக் கூப்பிட்டாள். "நிறுத்திட்டுத் தெறந்து அமுக்கும்மா."

ஸ்க்ரூக்கள் தட்டில் விழுந்தன. டக்கென்று ஒரு சின்னச் சத்தம், உளுந்து உடைவதுபோல. பிறகு பொத்தான். உள்ளறையிலிருந்தே பார்த்தேன்: சுவரில் நீல வெளிச்சம் பரவியது. ஒரு சத்தமும் இல்லை. அமைப்புப் பக்கம் திறந்து தேதி என்ன, நேரம் என்ன என்று கேட்கிறது என்றாள் பெனாசிர். எழுந்துவிட்டது, எழுந்துவிட்டது என்று முன்னறை முணுமுணுத்தது. புலவர் கையை வாயிலிருந்து எடுத்து, யாரிடமும் இல்லாமல், அப்ப லேப்டாப் இல்ல, தீர்ந்தது என்றார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜெயக்கொடி என்னைப் பார்த்தாள்.

"அது இனிமே எந்திரிக்காதுன்னுதான சொன்னீங்க?"

"ஆமா."

"சரி. எந்திரிக்க வேண்டாம். அது கெடக்கட்டும்." சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். "நான் எந்திரிக்கிறேன்."

எழுந்தாள். அரிசி புடைத்துவிட்டு எழுகிறவளைப்போல, முழங்காலில் ஒரு கையை ஊன்றி, சின்னதாக ஒரு பெருமூச்சோடு. என்னைச் சுற்றிக்கொண்டு நடந்து முன்னறைக்குப் போனாள், கூட்டம் விலகியது, பெனாசிரின் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னைக்குத் தேதி பதினெட்டு, எங்க அடிக்கணும், காமி என்றாள். நான்ங்கிற தன்மைப் பெயருக்கு இந்தத் திணை, அந்தத் திணை என்றெல்லாம் கிடையாது, ரெண்டுக்கும் பொது, சுட்டு அதைத் தொடாது, எனக்கு இது தோணாமப் போச்சே என்று புலவர் சந்தோஷமாக வருத்தப்பட்டார்.

நான் தலையைத் தூக்கிக் கட்டிலைப் பார்த்தேன்.

அது கிடந்தது. அதே சேலை, அதே தோடு, இடது கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து, முகம் வாசல் பக்கம். பிணம் இல்லை, மூச்சு இருந்தது. கனவும் இல்லை, சீனியம்மாள் எட்டிப் பார்த்து, "இது வேறயா, சரி" என்று சொல்லிப் போர்வையை இழுத்து அதன் கால்களை மூடிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தெருவில் விஷயம் பரவிப் பழையதாகிவிட்டது. லேப்டாப் அதன் பிறகு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சுகள் வேறு வீடுகளுக்கு நகர்ந்தன. முதலாளி கட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மச்ச பலனைப் போட்டார். சோறு கொண்டுவருகிறவர்கள் ஜெயக்கொடியிடம் பேசிவிட்டு, போகும்போது என்னிடம் மட்டும், அது எப்படி இருக்கு அண்ணாச்சி என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இருக்கு என்றேன். ஜெயக்கொடி உள்ளறைக்கு வருவதே இல்லை. துணிமணிகளை முன்னறை அலமாரிக்கு மாற்றிக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பித்தது. நான் லீவு போட்டிருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னறையில் அவள் குரல் கேட்டது, நான்கு வருடமாகக் கேட்காத குரல். நாற்பத்தஞ்ச ஏழால வகுத்தா மீதி என்ன, கையைத் தூக்குங்க, எல்லாரும் சேர்ந்து கத்தக் கூடாது. எங்கோ கடலுக்கு அப்பால் இருந்து பிள்ளைகள் மூன்று மூன்று என்று கத்தினார்கள், அவள் சிரித்தாள். கணக்கு டீச்சராக அவளை நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை என்பது அப்போது தோன்றியது. கதவோரம் நின்று பார்க்கலாம் என்று சட்டை மாட்டிக்கொள்ள உள்ளறைக்குப் போனேன்.

அது கண்ணைத் திறந்தது. இருபத்தாறு வருடமாக இந்த வீட்டில் நான் கேட்ட குரலில், அடங்கி, இதமாக, தலையணையிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் கேட்டது:

"ஏங்க, டீ போடட்டுமா?"

சட்டையில் ஒரு கை மட்டும் நுழைந்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஜெயக்கொடி அடுத்த கணக்கைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

"போடு" என்றேன்.

சொன்ன பிறகும் கொஞ்ச நேரம், அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்கிறதா என்று, அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.